பாலத்துக்கு அந்தப் பக்கத்து முட்டி

சகலை ஆபரேஷனில் முட்டி மாற்றிக்கொண்டு வந்து முதல் தடவையாக முடிவெட்ட உட்கார்ந்த அன்று, சலூன்காரரின் கையிலிருந்த சீப்பு தவறிக் கீழே விழுந்தது. சலூன்காரர் வழக்கம்போல் சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை நீட்டி, இடது காலை மடக்கி, மாடியிலிருந்து அலமாரியை இறக்குகிறவர்களைப் போலத் தன்னைத்தானே மெல்ல இறக்கத் தொடங்கினார். அதற்குள் சகலை கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்தார். எதையும் பிடிக்காமல் குனிந்தார். சீப்பை எடுத்து ஊதிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் உட்காராமல், புதுச் செருப்பு வாங்கியவர் மாதிரி இந்தக் காலிலும் அந்தக் காலிலும் மாறி மாறி நின்றார்.

சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கு அவர் வெட்டிய கிராப்பு ஒரு பக்கம் கொஞ்சம் ஏற்றமாகவே வந்தது.

சகலையின் முட்டியும் அவருடைய முட்டியும் ஒரே காலத்தில் கெட்டவை. சகலை பெயின்ட் கடை வைத்திருந்தார். டின் தூக்கித் தூக்கிக் கெட்டது. சலூன்காரருக்கு நின்று நின்றே கெட்டது. குடும்பத்தில் என்ன விசேஷம் நடந்தாலும் இரண்டு பேரும் ஓரமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, எந்தத் தைலம் தேவலை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மச்சினி அதற்கு நொண்டிக் கச்சேரி என்று பெயர் வைத்திருந்தாள். இப்போது கச்சேரியில் ஒரு ஆள் மட்டும் மிச்சம். இன்னொருவர் பந்தி பரிமாறப் போய்விட்டார்.

ஊர் ஆற்றங்கரையில் இருந்தது. ஆற்றின் மேல் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. அங்கே ஒரு பெரிய வெள்ளை மருத்துவமனை. இந்தப் பக்கம் காத்திருக்க முடியாதவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம், செலவை இரண்டு அரசாங்கங்களும் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும் என்று ஒப்பந்தம் இருந்தது. சகலை அப்படிப் போனவர்தான். ஆகவே சலூன்காரரும் போயிருக்கலாம். சகலையே வண்டியில் கூட்டிப் போவதாகச் சொன்னார். ஆனால் சகலை அங்கே படுத்திருந்த நாட்களில், சலூன்காரர் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும், சொந்த ஊர் டாக்டரை நம்பாதவன் நாளைக்குச் சொந்தப் பெண்டாட்டியையும் நம்ப மாட்டான் என்று பேசித் தீர்த்திருந்தார். பேசியது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு பாலம் ஏறுவது?

இந்தச் சமயத்தில்தான் இந்தப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒரு குழுவை அமைத்தது. எல்லை கடந்த சிகிச்சை குறித்துப் பொதுமக்கள் கருத்தறியும் குழு என்று பெயர். முட்டி அறுவைக்கு அங்கே பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்த சலூன்காரர், தன் முறை எப்போது வரும் என்று கேட்க இதுதான் சமயம் என நினைத்து, கடையைப் பூட்டிவிட்டுப் போனார்.

மூட்டு நோயாளிகளுக்கான கூட்டம் மூன்றாவது மாடியில் வைக்கப்பட்டிருந்தது. லிப்ட் ஓடவில்லை. அதனால் மேலே ஏறி வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் முட்டி மாற்றிக்கொண்டவர்களாக இருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து அந்த மருத்துவமனையின் மெத்தையைப் பற்றியும், அங்கே நர்சுகள் சிரித்த முகமாக இருப்பதைப் பற்றியும், வரவேற்பறையில் இருக்கும் மீன்தொட்டியைப் பற்றியும் பேசினார்கள். மருத்துவமனைக் கண்காணிப்பாளர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பதில் சொன்னார்.

"நாம நோயாளிகளை இழக்கலை. அவங்கதான் நம்மை இழக்கிறாங்க. மீன்தொட்டின்னு சொன்னீங்க. நம்மகிட்டயும் இருந்தது. மீனுங்களுக்கு உடம்பு சரியில்லாமப் போனப்ப, ஒப்பந்தப்படி அந்தப் பக்கம் அனுப்பினோம். நல்லா ஆயிடுச்சின்னு கடிதம் வந்தது. மீன் வரலை."

கூட்டம் கலைகிற நேரத்தில் சலூன்காரர் கைப்பிடிச் சுவரைத் தழுவிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். சட்டை முழுக்க வியர்வை. முட்டி மாற்றிக்கொள்ளாத ஒரு மனிதர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் குழுவே எழுந்து நின்றது. செயலாளர் நாற்காலி போட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் போகாமல் இருப்பதற்குக் காரணம் நாட்டுப்பற்றா, இல்லை இந்த மருத்துவமனையின் தரமா என்று கேட்டார்.

சலூன்காரர் மூச்சு வாங்கியபடி யோசித்தார். மாடி ஏறிய களைப்பில் பொய் எதுவும் தோன்றவில்லை.

"பொறாமைங்க," என்றார். "என் சகலை போன இடத்துக்கு நான் எப்படிப் போறது? அவன் நடக்கிறதைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

செயலாளரின் பேனா நின்றது. கண்காணிப்பாளர் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சலூன்காரரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தூக்கம் வருதா உங்களுக்கு?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"முட்டி வலிச்சா வராது சார்."

"அதைக் கேக்கலை."

அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். அந்த வெள்ளை மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அவரோடு ஒரே கல்லூரியில் படித்தவராம். பரீட்சையில் இவருக்குப் பின்னால் உட்கார்ந்து இவரைப் பார்த்து எழுதியவராம். இப்போது இவருடைய அறை ஜன்னலைத் திறந்தால் நேராக அவருடைய கட்டிடம்தான் தெரிகிறதாம். அதனால் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கச் சொல்லிவிட்டாராம். அடைத்த பிறகும் தெரிகிறது என்றார்.

மறுவாரம் பாலத்தின் இந்த முனையில் ஒரு பெரிய பேனர் ஏறியது. அதில் சலூன்காரர் கைத்தடியோடு நின்றார். கீழே, 'நான் எங்கும் போகவில்லை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அது உண்மைதான். அவரால் எங்கும் போக முடியவில்லை. மருத்துவமனை அவருக்கு உறுதிமிக்க நோயாளி என்று ஒரு பட்டமும் கொடுத்திருந்தது.

வீட்டில் காற்று திசை மாறியது. மச்சினி போன் செய்து, மாமா படம் ரொம்ப நல்லா இருக்கு என்று சொன்னாள். சொன்ன குரலில் ஏதோ சிக்கிக்கொண்டிருந்ததாக மனைவி திருப்தியோடு தெரிவித்தாள். சகலை தினமும் சரக்கெடுக்கப் பாலத்தில் போகிறவர். போகும்போதும் வரும்போதும் அந்த முகத்தைப் பார்த்தாக வேண்டும். மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். வெட்டிக்கொள்கிற அளவுக்குத் தலைமுடி வளர்ந்திருக்கவில்லை.

"அண்ணே, படத்துல உங்க கலரைக் கொஞ்சம் தூக்கிட்டாங்க போல," என்றார். கலர் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

"எனக்கு எங்க தெரியும்? அவங்களா ஆசைப்பட்டு வச்சாங்க," என்றார் சலூன்காரர்.

சகலை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பக்கம் போவதற்கு முன்னால் இங்கே எவ்வளவு காலம் காத்திருந்தேன், அதை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அன்று சலூன்காரர் நன்றாகத் தூங்கினார். முட்டி வலித்தது. ஆனால் அந்த வலியில் ஒரு சுகம் இருந்தது.

மருத்துவமனையும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கத்து நர்சுகள் சிரிக்கிறார்கள் என்று மக்கள் சொன்னதால், இந்தப் பக்கத்து நர்சுகளும் நோயாளியிடம் பேசும்போது சிரிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அதற்கு முன்னால் யாரும் சிரித்துப் பழக்கமில்லாத வார்டு அது. நர்சு சிரித்துக்கொண்டே வருவதைப் பார்த்ததும், தனக்கு என்னமோ பெரிய வியாதி, மறைக்கிறார்கள் என்று பயந்து இரண்டு பேர் வீட்டுக்கே ஓடிவிட்டார்கள். இதை, குணமாகி வெளியேறியவர்கள் கணக்கில் சேர்த்தார்கள்.

அடுத்து, நம் மக்களை அங்கே எது இழுக்கிறது என்று நேரில் ஆராயக் குழு மொத்தமும் பஸ் பிடித்துப் பாலம் கடந்தது. நோயாளியின் இடத்திலிருந்து பார்த்தால்தான் ஆய்வு முழுமையாகும் என்பதால் செயலாளர் இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக்கொண்டார். ஒரு உறுப்பினர் பித்தப்பையை எடுத்துப் பார்த்தார். கண்காணிப்பாளர் மட்டும் எதுவும் செய்துகொள்ளவில்லை. அந்தக் கண்காணிப்பாளரின் அறையில் போய் ஒரு டீ குடித்துவிட்டு, அவருடைய சுழல் நாற்காலியின் முதுகு எவ்வளவு உயரம் என்று பார்த்துவிட்டு வந்தார். திரும்பி வந்து கொடுத்த அறிக்கை, அங்கே மெத்தை தேவைக்கு மேல் மிருதுவாக இருப்பதாகவும், அது நோயாளிகளின் மன உறுதியைக் குலைப்பதாகவும் சொன்னது.

இதற்குள் சலூன்காரரால் ஒரு தலைக்கு மேல் தொடர்ந்து நிற்க முடியவில்லை. ஒருவருக்கு வெட்டிவிட்டு, அடுத்தவரைப் பேப்பர் படிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வார். பேப்பர் முழுக்கப் படித்து முடித்தவர்கள் வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு நாள் சவரம் செய்யும்போது முட்டி சட்டென்று மடங்கி, கத்தி வாடிக்கையாளரின் காதோரம் கீறிவிட்டது. அன்று மாலையே அவர் கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனார். தனக்கு எப்போது அறுவை என்று நேராகக் கேட்டார்.

கண்காணிப்பாளருக்குக் கேள்வியே புரியாதது போல இருந்தது.

"உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கு?"

"நடக்கத்தான் சார்."

"யோசிச்சுப் பேசுங்க. நீங்க நடந்தா நீங்க யாரு? ஊர்ல நடக்கிற ஆயிரம் பேர்ல ஒருத்தர். இப்ப நீங்க ஒரு அடையாளம். இன்னொண்ணும் இருக்கு. எங்க கையில உங்களுக்கு ஏதாவது ஏடாகூடமா ஆயிட்டா, அந்த பேனருக்கு யார் பதில் சொல்றது? உங்களை மாதிரி முக்கியமானவங்களை வச்சு நாங்க விளையாட முடியாது. எனக்கு வேண்டியவங்களா இருந்தா அந்தப் பக்கம் போகச் சொல்லிடுவேன். உங்களை அப்படியும் சொல்ல முடியாது."

இதை அவர் உண்மையான அன்போடு சொன்னார். வாசல் வரை வந்து, ஆட்டோ கூப்பிட்டு ஏற்றியும் விட்டார்.

சில நாட்களில் பாராட்டு விழா வைத்தார்கள். தலைநகரிலிருந்து ஒரு மேலதிகாரி வந்திருந்தார். மேடை உயரமாக இருந்ததால் சலூன்காரரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கி ஏற்றினார்கள். மேலதிகாரி, காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான், அதற்குப் பக்கவிளைவு கிடையாது என்று பேசினார். கைதட்டல் வந்தது. பிறகு சலூன்காரரை இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தனக்கு அறுவை வேண்டும் என்று சொல்வதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தில் தன் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலைக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்தார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, மேடைப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினார். அவர் ஏறுவதைப் பார்த்தபோது சலூன்காரருக்குத் தன் கையில் மாலை, சால்வை, பட்டம் எதுவும் இருப்பதாகவே தோன்றவில்லை. அந்தக் கால்கள்தான் தெரிந்தன.

"நானும் இங்க காத்துக்கிட்டுக் கிடந்தவன்தான்," என்றார் சகலை மேலதிகாரியிடம். "இவரைவிட எனக்கு வலி அதிகம். என் படத்தை ஏன் வைக்கலை?"

"உனக்குத்தான் முட்டி இருக்கே," என்றார் சலூன்காரர். மைக் அவர் கையில் இருந்ததால் அது ஊருக்கே கேட்டது.

"முட்டியை வச்சு என்ன பண்றது? எங்க வீட்ல உங்க படத்தைப் பத்தியேதான் பேச்சு. நான் நடக்கிறதை இப்ப யாரு பாக்கறா?"

"அப்ப படத்தை நீ எடுத்துக்க. எனக்கு முட்டியைக் குடு. சகலை, என்னால நிக்க முடியலை. கடை போயிடும் போல இருக்கு."

சொல்லிவிட்டு அவர் அழுதுவிட்டார். மேலதிகாரி செயலாளரைப் பார்த்து, இதைப் பொதுமக்கள் கருத்து என்று குறித்துக்கொள்ளுங்கள் என்றார். எந்தப் பக்கத்துக் கருத்து என்று செயலாளர் கேட்டார். புரை எடுத்த கண்களால் இரண்டு பேரையும் அவரால் தெளிவாகப் பார்க்க முடிந்தது. இருந்தாலும் அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலையில் பெயின்ட் கடை வண்டி சலூன்காரர் வீட்டு வாசலில் நின்றது. சகலை இறங்கி வந்து, கைத்தாங்கலாக அவரைக் கூட்டிப் போய் முன்சீட்டில் உட்கார வைத்தார். பாலத்தின் சோதனைச் சாவடியில் காவலர் குனிந்து பார்த்தார். மேலே தொங்கிய பேனரையும் பார்த்தார்.

"நீங்கதானே அது?"

"ஆமா," என்றார் சலூன்காரர்.

"ரொம்ப வலிக்குதா?"

சலூன்காரர் தலையை ஆட்டினார். காவலர் தடுப்பைத் தூக்கினார்.

வெள்ளை மருத்துவமனையில் மெத்தை சாதாரணமாகத்தான் இருந்தது. அவருக்கு அமைந்த நர்சு சிரிக்கவே இல்லை. ஊசியைச் சரியாகப் போட்டாள். முட்டி மாற்றிய மூன்றாம் நாள், பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்த ஊர்த் தச்சர் பேச்சுக் கொடுத்தார். நீங்கள் எந்த ஊர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவர் முகத்தில் ஒரு பொறாமை ஓடியது. கொடுத்து வைத்தவர் என்றார். சலூன்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

தச்சர் விளக்கினார். அவருடைய தெருவே பல் என்றால் பாலம் தாண்டி சலூன்காரரின் ஊருக்குத்தான் போகுமாம். அரசு மருத்துவமனையின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கு அடுத்த தகரக் கூரை அறையில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறாராம். கை வைத்தால் பல்லுக்கே தெரியாதாம். இந்த மருத்துவமனையில் பல்லுக்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டுமாம். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை வழுக்கையான ஒருவர் வார்டுக்கு வந்தார். அவர்தான் இங்கே கண்காணிப்பாளர். சலூன்காரரின் ஊரைக் கேட்டதும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் மக்கள் பல்லுக்காக ஏன் உங்களிடம் ஓடுகிறார்கள், அங்கே அப்படி என்னதான் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அது சலூன்காரருக்குத் தன் ஊர்க் கண்காணிப்பாளரிடம் கேட்டுப் பழகிய குரல்.

அன்று இரவெல்லாம் அவருக்கு மனசு ஆறவில்லை. தன் ஊரில், தனக்குத் தெரியாமல், இவ்வளவு நல்லது ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதை அடுத்த நாட்டுத் தச்சன் அனுபவித்துவிட்டுப் போயிருக்கிறான்.

அவர் ஊர் திரும்பியபோது பேனர் இல்லை. நின்று வேலை செய்ய ஆரம்பித்தார். பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வந்து, முடியைவிட முட்டியைத்தான் அதிகம் பார்த்தார்கள். ஒரு நாள் மதியம், கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கண்காணிப்பாளர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பாலம் கடந்ததைப் பற்றிக் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. பின்கழுத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"அங்க அவன் என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்தபோது சலூன்காரருக்கு இரக்கம் வந்தது. நல்ல செய்தி ஒன்று கையில் இருக்கும்போது சொல்லாமல் இருப்பானேன் என்று நினைத்தார்.

"உங்க ஆஸ்பத்திரியைப் பாத்து அவருக்கு ஒரே பொறாமை சார். பல் பிரிவுக்கு அவங்க ஊரே இங்க வருதாம்."

கண்காணிப்பாளரின் முகம் மலர்ந்தது. மலர்ந்த அதே வேகத்தில் சுருங்கியது.

"பல் பிரிவா? பின்பக்கம் இருக்கே, அந்தப் பொண்ணா?" என்றார். "எனக்குத் தெரியாம அவளைத் தேடி வெளிநாட்டுலேருந்து வர்றாங்களா?"

சலூன்காரர் மெஷினை நிறுத்தினார். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அதற்குள் கண்காணிப்பாளர் பாதித் தலையோடு எழுந்து, துணியை உதறிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

கருத்தறியும் குழு மறுபடி கூடியது. அந்நியர்கள் தன்னிடம் எதனால் திருப்தி அடைகிறார்கள் என்று எழுத்து மூலம் விளக்கம் தரும்படி பல் டாக்டரைக் கேட்டது. அவர், பல் சரியாவதால் என்று எழுதினார். விளக்கம் அலட்சியமாக இருப்பதாகக் குழு கருதியது. தகரக் கூரை அறை பூட்டப்பட்டது. அந்த மாதமே பல் டாக்டர் பாலம் கடந்து போனார். நோயாளியாகப் போகவில்லை, வெள்ளை மருத்துவமனையில் அவருக்கு ஒரு தனித் தளமே கொடுத்திருந்தார்கள்.

சலூன்காரரின் மனைவிக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது அதற்குப் பிறகுதான். ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது. யாரால் இந்த நிலைமை என்று அவளிடம் சொல்லவில்லை.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல டாக்டர் இருக்காங்க," என்றார். "நம்ம ஊர்க்காரங்கதான். கை வச்சா தெரியாதாம். சகலைகிட்ட வண்டியைக் கேக்கட்டுமா?"

மனைவி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"என் தங்கச்சி அந்த டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டாளா?"

"இல்ல. அவளுக்கு இன்னும் விஷயமே தெரியாது."

"அப்ப வண்டியெல்லாம் கேக்காதீங்க," என்று எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "பஸ்லயே போயிட்டு வந்துடலாம்."